அச்சுப் புத்தகம் தேவையில்லை

கையெழுத்துப் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி நான் படப்போகிற கோபத்துக்கெல்லாம் எனக்கு உரிமை இல்லாமல் போய்விடும். "அச்சுப் புத்தகம் தேவையில்லை" என்று அந்தத் தாளில் அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் சரி போட்டு, கீழே பெயரும் பதவியும் எழுதி, பாடசாலை முத்திரையையும் நானே குத்திக் கொடுத்தேன். அதிபர் முத்திரையை மேசையிலிருந்து எடுத்துத் தரக் கொஞ்சம் தயங்கினார். "நல்லா யோசிச்சுத்தானே டீச்சர் போடுறீங்க?" என்று கேட்டார். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது எரிச்சலாகக்கூட இருந்தது.

நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிறந்ததும் இதே மாதிரி ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டு அறை ஒன்றில்தான். பன்னிரண்டு வருடமாகச் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வகுப்புக்கு இதயத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டி வருகிறேன். சுத்த இரத்தத்துக்குச் சிவப்புச் சோக், மற்றதுக்கு நீலச் சோக். நீலம் தீர்ந்துபோன வருடங்களில் பச்சை. பச்சை இரத்தத்தைப் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் என்னிடம் உண்டு. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டி இருக்கிறது, வில்லை இல்லை. அது இருக்கிறதா என்று பார்க்க வருடா வருடம் ஆள் வருவார்கள். வில்லை இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தியை நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைத்து, இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். கதிரைகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போட்டு முடிச்சுப் போட்டிருந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் கையில் ஒரு டெப்பை, புத்தக அளவுத் தொடுதிரைக் கணினி ஒன்றை, வைத்துக்கொண்டு, அதன் படத்தைச் சுவரில் பெரிதாக விழ வைத்தார். திரையில் விரலை வைத்தார். இதயம் துடித்தது. விரலால் தள்ளினார், சுழன்றது. ஓர் அறையைத் தொட்டார், கதவு மாதிரித் திறந்து உள்ளே காட்டியது. நுரையீரலுக்குப் போன நீல இரத்தம் சிவப்பாகித் திரும்பி வந்தது. பிள்ளை பிழையான விடை சொன்னால் ஏன் பிழை என்று இந்தப் புத்தகமே சொல்லும் என்றார், புரியாத இடத்தை எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காமல் திரும்பச் சொல்லும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஆசிரியை பார்த்துவிடுவாரோ என்று பயிற்சிக் கொப்பியில் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டேன்.

ஏன் அழுதேன் என்று இன்றைக்கு யோசித்தால் ஆத்திரமாக வருகிறது. எங்கள் மலைக்கு எதுவும் முதலில் வந்ததில்லை. பாதை கடைசியாக வந்தது. எங்கள் மாவட்டத்து மழைத் தண்ணீர் பொல்பிட்டிய வரைக்கும் இறங்கிப் போய் மின்சாரமாகி நாடெல்லாம் போன பிறகு, லயத்துக்கு ஒரு குண்டு பல்பு வந்தது. மற்றவர்கள் பார்த்து முடித்த பிறகு எங்களுக்கு அனுப்புவதுதான் இந்த நாட்டின் ஒழுங்கு. அன்றைக்கு முதல் தடவையாக, டவுன் பாடசாலைகளுக்கும் முன்பாக, உங்களுக்குத்தான் முதலில் என்றார்கள். அந்த "முதலில்" என்ற சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன். இதயம் துடித்ததுகூட அதற்குப் பிறகுதான்.

அவர் காட்டியதெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் எப்படி இருக்கும் என்று எழுந்து கேட்டேன். "ஒக்கோம எனவா மிஸ்," எல்லாம் வரும் என்று சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்பு. உட்கார்ந்துவிட்டேன்.

தாளைக் கொண்டுவந்தவர் கல்வி அலுவலகத்து அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து எத்தனையோ வருடமாகியும் எங்கள் குளிருக்குப் பழகாமல் கழுத்தில் மஃப்ளரோடுதான் இருப்பார். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். டிஜிட்டல் பட்டியலில் சேரும் பாடசாலைகள் பத்தாம், பதினோராம் தரத்து விஞ்ஞானப் புத்தகங்களைத் திருப்பித் தந்துவிட்டால், தட்டுப்பாடு உள்ள வேறு பாடசாலைகளுக்கு அனுப்பலாம் என்று விளக்கினார். "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ டீச்சர். இனி உங்கட பிள்ளையளுக்குப் புத்தகம் சுமக்கிற வேலையே இல்லை," என்றார். எங்கள் பிள்ளைகள் சுமப்பதில் மிகவும் பாரம் குறைந்தது புத்தகம்தான் என்று அவருக்குச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

இனி அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோராம் தரம். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா இல்லை. அக்கா சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தைக் கோட்டைவிட்டு, கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்கிறாள். இவளுக்கும் அதே கடையில் ஓர் இடம் சொல்லி வைத்தாயிற்று. விஞ்ஞானத்தில் திறமைச் சித்தி எடுத்தால் டவுன் பாடசாலையில் உயர்தரத்துக்குப் போகலாம், எடுக்காவிட்டால் அக்காவோடு போக வேண்டும். வீட்டில் இதை ஒளிவுமறைவில்லாமல் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அவளுடைய அம்மா என்னிடம் ஒரு நாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் நின்று, "ஒருத்தி நிக்கிறது போதுங்க டீச்சர், இவளாவது ஒக்காந்து வேல செய்யட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பிள்ளைக்கு ஒரு பழக்கம். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதுவாள். நான் வகுப்பில் சொன்னதும் இருக்கும், அவளாக யோசித்ததும் இருக்கும். ஆவியுயிர்ப்புப் பாடத்துக்குப் பக்கத்தில், அம்மாவின் கூடையில் கொழுந்து மதியத்துக்குள் வாடுவது இதனால்தானா என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தாள். அமிலம், காரம் என்ற பாடத்தில், அட்டை கடித்தால் சவர்க்காரம் பூசுகிறோம், சவர்க்காரம் காரம் என்று எழுதியிருந்தாள். எங்கள் மலையில் அட்டைக்கடி படாத கால் இல்லை. ஆனால் அட்டையையும் பாடத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அரசாங்கப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பென்சில் எழுத்தையெல்லாம் அழித்துச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். அடுத்து வரும் பிள்ளைக்காக அப்படி ஒரு வழக்கம், நல்ல வழக்கம்தான். வருடக் கடைசியில் வகுப்பே உட்கார்ந்து அழிக்கும். ஆனால் பத்தாம் தரத்துப் புத்தகத்தைப் பரீட்சை முடியும் வரைக்கும் பிள்ளைகள் கையிலேயே விட்டு வைப்பது எங்கள் பாடசாலையின் வழக்கம், ஏனென்றால் பரீட்சையில் பாதி அதிலிருந்துதான் வரும். இந்தத் தடவை வருடத் தொடக்கத்திலேயே, இரண்டு தரத்துப் புத்தகத்தையும் சேர்த்து அழிக்கச் சொன்னேன். முப்பத்தொரு பிள்ளைகளும் அழித்தார்கள். மற்றவர்கள் ஒரு பாட நேரத்தில் முடித்துவிட்டார்கள். இவளுக்கு இரண்டு நாள் பிடித்தது.

வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒரு வரி மிச்சம் இருந்தது. "இதையும் அழி," என்றேன். பிள்ளை அழித்தாள். றப்பர் தூளை ஊதிவிட்டுக் கையில் தந்தாள். எந்த வரி என்று நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

டெப்கள் வந்தன. வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே பாடசாலைக்குச் சுண்ணாம்பு அடித்தோம், வாழை கட்டினோம், பூமாலைக்குச் சொன்னோம். வந்த பிறகு முதல் நாளே தெரிந்துவிட்டது. சிங்களத்தில் எல்லாப் பாடமும் இருந்தது. ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் மூன்று பாடம். நாலாவது பாடத்தைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே "தமிழ் விரைவில்" என்று காட்டும். அதிலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகக் கழன்று கிடந்தது. இதயம் ஒன்பதாவது பாடம். அதிபரிடம் காட்டினேன். பெரியவர்கள் வந்து திறந்து வைத்துவிட்டுப் போகட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. இருந்த மூன்று பாடத்தையே பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் பழக்கினோம். யார் எந்தப் படத்தைத் தொடுவது என்றுகூடச் சொல்லி வைத்தோம்.

திறப்பு விழா அன்று கேமராவோடு வந்தார்கள். பிள்ளைகள் பழக்கிய இடத்தைப் பழக்கியபடி தொட்டார்கள். கைதட்டல். பிறகு கேமராவை என் பக்கம் திருப்பி, எப்படி இருக்கிறது டீச்சர் என்று கேட்டார்கள். என் வாயிலிருந்து வந்த வசனம் இதுதான்:

"எல்லாம் நல்லா இருக்குங்க."

இந்த வசனத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் தோட்டங்களில் சப்பாத்தில் சேறு படாத ஆள் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வோம். நான் உயர்தரம் படிக்கும்போது, எங்கள் தேயிலைக்குச் சான்றிதழ் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அவர் வரும் பாதையில் இருந்த மலசலகூடத்துக்கு மட்டும் பச்சை வர்ணம் பூசி, பூட்டுப் போட்டிருந்தார்கள். பூட்டுக்குக் காரணம் உள்ளே குழி வெட்டவே இல்லை. அந்தப் பெண்மணி என் அம்மாவிடம் வசதிகள் எப்படி என்று கேட்டார். அம்மா அந்தப் பச்சைக் கதவைக் காட்டி, எல்லாம் நல்லா இருக்குங்க என்றார். அன்று மத்தியானம் அம்மாவோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. வாய் இல்லையா உனக்கு என்று கேட்டேன். வந்தவங்க போயிருவாங்க, கங்காணி இங்கதான் இருப்பாரு என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா ரொட்டி தட்டப் போய்விட்டார்.

நான் பட்டதாரி. மாதச் சம்பளக்காரி. என்னை எந்தக் கங்காணியும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியிருந்தும் அதே வசனம், அதே குழைவோடு வந்தது. அம்மாவையாவது யாராவது மிரட்டியிருப்பார்கள்.

அதன் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். டெப் ஒவ்வொரு நாள் காலையிலும் இணையத்தில் ஒரு தரம் தன்னைப் பதிந்துகொண்டால்தான் புத்தகத்தைத் திறக்கும். எங்கள் பாடசாலையில் சிக்னல் கிடையாது. சிக்னல் வரும் ஒரே இடம் மேலே கொழுந்து நிறுக்கும் மடுவம். ஆகவே காலையில் நானும் நாலு பிள்ளைகளும் இருபது டெப்களைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு ஏறி, ஒவ்வொன்றாகத் திறந்து, மூடிவிடாமல் கீழே கொண்டுவருவோம். வருவதற்குள் பாதி அணைந்துவிடும். சார்ஜ் ஏற்றுவதற்குப் பாடசாலையில் இருந்தது ஒரே பிளக், அதுவும் அதிபர் அறையில். முப்பத்தொரு பிள்ளைக்கு இருபது டெப், அதில் எரிவது பதினொன்று, அதில் தமிழ்ப் பாடம் மூன்று. இரண்டு மாதத்தில் அந்த மூன்று பாடத்தையும் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள்.

அதிபருக்கு வேறு பயம். டெப் இன்வென்டரியில் ஏறிவிட்டது. ஒன்று உடைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிழமைக்கு இரண்டு நாள்தான் வெளியே வரும். நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்துத் தட்டில்தான் அவற்றுக்கும் இடம். 

இணையத்தில் புத்தகத்தின் படி கிடக்கிறதே, இறக்கிக்கொள்ளலாமே என்று சிலர் சுலபமாகச் சொல்வார்கள். தெரியும். அந்த டெப்பில் வேறு எதையும் போட முடியாதபடி பூட்டி அனுப்பியிருந்தார்கள். என் போனில் இறக்கி, இரண்டு பாடத்தை நானுஓயாக் கடையில் போட்டோக்கொப்பி எடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டினேன். பின்வாங்குப் பிள்ளைகள் இடைவேளையில் வந்து நின்று வாசித்தார்கள். அந்த வருட மழையில் சுவர் ஊறி, தாள் உப்பி, மை இறங்கிவிட்டது. பிள்ளைகளின் வீட்டில் போன் இருந்தாலும் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். புத்தகம் என்பது ஒரு பிள்ளை தன் மடியில் வைத்துக்கொள்கிற ஒரு சாமான். அதை நான் பிடுங்கிவிட்டேன், மற்றதெல்லாம் சாக்குப்போக்கு.

அந்தப் பிள்ளை ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு நின்றாள். எல்லோரும் போகும் வரைக்கும் பையை எடுத்துத் தோளில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"டீச்சர், எம்புத்தகத்த மட்டும் திருப்பி வாங்கித் தர முடியுங்களா? பத்திரமா வச்சுக்குவேன். ஒன்னும் எழுத மாட்டேன்."

ஒன்னும் எழுத மாட்டேன் என்று சொன்னதைக் கேட்டபோது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவள் எழுதியது குற்றம், அதற்காகத்தான் டீச்சர் புத்தகத்தைப் பறித்தார் என்று பிள்ளை இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாளே லீவு போட்டு அலுவலகத்துக்குப் போனேன். மஃப்ளர்காரர் உட்காரச் சொன்னார், தேத்தண்ணி வரவழைத்தார். தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பாடசாலைக்கு எதிரே டிஜிட்டல் என்று இருந்தது. டிஜிட்டல் பாடசாலைக்கு அச்சுப் புத்தகம் அனுப்பச் சொல்லி எழுத அதில் இடமே இல்லை, கட்டம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. டெப்பில் தமிழ் இல்லை என்றேன். முறைப்பாடு ஒன்றும் பதிவாகவில்லையே என்றார். நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. திறப்பு விழாவில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"நீங்களே சொல்லியிருக்கிறியள், டீச்சர். உங்கட வாயாலைதான். நான் இதுக்கு மேலை என்னத்தை எழுதுறது?"

திரையில் நான் புதுச் சேலையோடு நின்று எல்லாம் நல்லா இருக்குங்க என்று சிரித்தேன். அந்தப் பொம்பிளையின் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பிள்ளை எனக்காகக் காத்திருக்கவில்லை. நானுஓயாவில் அவளுடைய மாமா மகள் வேறு பாடசாலையில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிப் போய், அவளுடைய விஞ்ஞானப் புத்தகத்தை வாங்கி, ஒரு பாடத்தைப் பக்கம் பக்கமாகக் கொப்பியில் எழுதிக்கொண்டு, புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஏறி வருவாள். படமும் வரைவாள். இரண்டாம் தவணை முடிவதற்குள் மூன்று கொப்பி நிறைந்திருந்தது. இந்தக் காலத்தில், டிஜிட்டல் பாடசாலை என்று வாசலில் பலகை தொங்கும் ஒரு பாடசாலையில், ஒரு பிள்ளை அச்சுப் புத்தகத்தைக் கையால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கொப்பியை வகுப்பில் மற்றவர்கள் இரவல் வாங்கினார்கள்.

அப்போதுதான் இரண்டாவது வருகை. திட்டம் எப்படிப் போகிறது என்று பார்த்து எழுத ஒரு குழு வருகிறது, பிள்ளைகளோடும் பேசுவார்கள் என்றார் அதிபர். வாய் திருத்தமாகப் பேசுகிற பிள்ளை என்று அவர் தேர்ந்தது இவளைத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று நாலு வசனம் எழுதிக் கொடுத்தார். நான் அவளை நடைபாதையில் நிறுத்தி, அந்தத் தாளை விட்டுவிட்டு உண்மையைச் சொல்லு, நான் பக்கத்தில் இருப்பேன் என்றேன். அவள் தலையாட்டினாள்.

குழுவில் ஒரு பெண்மணி வகுப்பைச் சுற்றி வந்து, அவளுடைய மேசையில் நின்றார். கொப்பியைக் கண்டார். எடுத்துப் புரட்டினார். நீலமும் சிவப்புமாக இதயம் வரைந்திருந்தது, ஒவ்வோர் அறைக்கும் பெயர் எழுதி. அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. கூட வந்தவரைக் கூப்பிட்டு அதைப் படம் எடுக்கச் சொன்னார். டெப்பைப் பார்த்தா இதையெல்லாம் வரைந்தாய் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

பிள்ளை எழுந்து நின்றாள். அதிபரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க. எல்லாம் நல்லா இருக்குங்க."

அவளுக்கு எழுதிக் கொடுத்த நாலு வசனத்தில் இது இல்லை. இது என்னுடையது. குரலும் என்னுடையது, குழைவும் என்னுடையது. படம் எடுத்தவர் மறுபடியும் ஒரு முறை சொல்லச் சொன்னார், அவள் மறுபடியும் சொன்னாள்.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. மொழிபெயர்ப்பாளர் என் வார்த்தையைப் பக்குவமாக்கிவிடுவார் என்று பயந்து சிங்களத்திலேயே சொன்னேன். பொய், இந்தப் பிள்ளை சொல்வது பொய், இதற்கு முன் நான் சொன்னதும் பொய் என்றேன். இந்தக் கொப்பி டெப்பைப் பார்த்து எழுதியதல்ல, எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு போன புத்தகத்தைப் போல இன்னொரு புத்தகத்தைத் தேடி மலை இறங்கிப் போய் எழுதியது என்றேன். ஒரு டெப்பை எடுத்து ஒன்பதாவது பாடத்தைத் தொட்டு, அவர்கள் முகத்துக்கு நேரே பிடித்தேன். வட்டம் சுற்றியது. சுற்றட்டும் என்று கை வலிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் படம் எடுக்கவில்லை.

அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. அப்படியென்றால் முதலில் ஏன் நன்றாக இருக்கிறது என்றீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. பழக்கம் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. விளங்க வைக்கப் பச்சைக் கதவிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு அவர்களுக்கு நேரமில்லை, வெளியே வாகனம் காத்திருந்தது.

அவர்கள் போன பிறகு அவளைக் கூப்பிட்டு, உண்மையைத்தானே சொல்லச் சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். பிள்ளை என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க அப்பிடித்தானே சொன்னீங்க டீச்சர். பெரியவங்க வந்தா அப்பிடித்தான் சொல்லணும்னு நெனச்சேன்."

பன்னிரண்டு வருடத்தில் நான் எந்தப் பிள்ளைக்கும் எதையும் இவ்வளவு சுத்தமாகப் படிப்பித்ததில்லை.

அதிபர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெளியாட்கள் முன்னிலையில் பாடசாலையின் நற்பெயருக்குப் பங்கம் விளைவித்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழ்ப் பாடம் ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டு யாருக்கும் கடிதம் போனதாகத் தெரியவில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளின் பிரதி ஒன்றை இணைத்து, இதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், எங்களுக்கு அச்சுப் புத்தகம் தேவை என்று எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும். மஃப்ளர்காரர். சொந்த நம்பரிலிருந்து எடுத்திருந்தார். எங்கள் புத்தகக் கட்டுகள் இறம்பொடைப் பக்கம் ஒரு பாடசாலையின் களஞ்சியத்தில் இருக்கின்றன, அங்கே ஏற்கெனவே போதிய புத்தகம் இருந்ததால் கட்டு அவிழ்க்காமலே கிடக்கிறது என்றார். அங்குள்ள அதிபரிடம் தான் பேசிவிட்டதாகவும் சொன்னார். "நான் சொன்னதெண்டு ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ, டீச்சர்," என்று வைத்துவிட்டார். அதை இங்கே எழுதிவிட்டேன் என்று கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அவிழ்க்கவே இல்லை.  முப்பத்தொரு பிள்ளைகள் சுவரில் ஊறிய தாளை வாசித்துக்கொண்டிருந்த ஏழு மாதமும், யாருக்கும் பயன்படாமல் அந்தக் கட்டுகள் சணல் கயிறு போட்டபடி கிடந்திருக்கின்றன. சனிக்கிழமை இரண்டு உரச் சாக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாமல் வாங்கி வந்தேன். திங்கட்கிழமை சாக்கை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகும்போது அதிபர் எதிரே வந்தார். சாக்கைப் பார்த்தார். பிறகு மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டார்.

பரீட்சைக்கு ஆறு கிழமை இருந்தது. பிள்ளைகள் அவரவர் புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள். அவளுடையதற்குக் கலண்டர் தாளில் உறை போட்டிருந்தாள், அது கிழியாமல் இருந்தது. பக்கங்களை மெதுவாகப் புரட்டினாள். ஓரங்களெல்லாம் வெள்ளையாக, றப்பர் தேய்த்துக் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தன. நான் அழிக்கச் சொன்ன அந்தக் கடைசி வரி எது என்று அப்போதாவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. அவள் நினைவிலிருந்து மறுபடியும் எழுதத் தொடங்கினாள். கையில் இருந்தது பேனா.

அரசாங்கப் புத்தகத்தில் பேனாவால் எழுதக் கூடாது. வருடா வருடம் முதல் நாள் வகுப்பில் நான்தான் அதைச் சொல்வேன். அவளுக்கும் அது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"பேனாவுலதான் எழுதுறேங்க டீச்சர். அழிக்கச் சொன்னா அழியாது."

அவளுடைய பேனா இரண்டு வரியில் மை தீர்ந்து கீறத் தொடங்கியது. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்.